இரண்டாம் பட்டமும் மருத்துவக் கல்லூரி வாயிலும்



ஆண்டுதோறும் நீட் தேர்வின் முடிவு வெளியாகும் நாள்களில், மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வகையான பேச்சு எழுவதைக் கேட்கலாம். தாராவித் தொண்ணூறடிச் சாலையிலுள்ள சிறு வீடானாலும், மாட்டுங்காவின் பழைய மாடிக் குடியிருப்பானாலும், செம்பூரின் அலுவலர் காலனியானாலும் பேச்சின் சாரம் ஒன்றே. “இந்த ஆண்டு மதிப்பெண் போதவில்லை. பையனை பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்த்துவிடுவோம். பட்டம் ஒன்று கையில் இருந்தால், பின்னர் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது எளிது” என்பர். பி.காம். போன்ற வேறொரு பட்டத்தை முன்னரே பெற்றவர், “இப்பொழுது உயிரியலில் இரண்டாவது பட்டம் ஒன்று பெற்றுவிட்டால் வழி பிறக்கும்” என்பர்.

இந்த எண்ணம் எவ்வளவு சரியானது? மூன்று ஆண்டுக் காலத்தையும், தந்தை தாயார் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளையும் இதன்மீது வைக்கலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். வகுப்பில் இடம் பெறுவதற்கு, பட்டத்தினால் ஒரு மதிப்பெண்ணும் கூடுவதில்லை. பட்டத்திற்கு வேறு பயன்கள் உண்டு; அப்பயன்களுக்காக அதனைத் தேடலாம். மருத்துவக் கல்லூரி வாயிலைத் திறக்கும் சாவி என்று கருதி அதனைத் தேடுவது தவறு.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

முதலாவது ஊற்று அமெரிக்கா. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், அத்தை மகனோ சித்தப்பா மகளோ அமெரிக்காவில் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து தொலைபேசி வாயிலாக அறிவுரை வருகிறது. அவர்கள் சொல்வது அந்நாட்டைப் பொறுத்தவரை முற்றும் உண்மையே. அந்நாட்டில் மருத்துவக் கல்வி, பட்டப் படிப்புக்கு மேற்பட்ட கல்வி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் 1893ஆம் ஆண்டில் தன் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபொழுதே, சேர விரும்புவோர் பட்டதாரிகளாய் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1910ஆம் ஆண்டில் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின்னர், ஏனைய மருத்துவப் பள்ளிகளும் படிப்படியாக அத்திசையில் சென்றன. இன்று அங்கு நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பும், எம்கேட் என்னும் தேர்வும், கல்லூரியில் பெற்ற மதிப்பெண் சராசரியும் சேர்ந்து எடைபோடப்படுகின்றன. முதற் பட்டத்தில் சராசரி குறைந்தவர், மேலும் சில பாடங்களைப் பயின்றோ, இரண்டாவது இளநிலைப் பட்டமே பெற்றோ அச்சராசரியை உயர்த்திக்கொள்ள முயல்வது அங்கு வழக்கம். ஆகவே, “இன்னொரு பட்டம் படி” என்பது அந்த மண்ணில் பொருளுள்ள அறிவுரை. இந்த மண்ணில் அதற்குப் பொருள் இல்லை.

இரண்டாவது ஊற்று நம் சொந்த ஊர். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை, மாநில மருத்துவ இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. “படிப்பில் எடுத்த மதிப்பெண்ணுக்குத்தான் இடம்” என்ற நினைவு ஊரிலுள்ள பெரியவர்களிடம் இன்றும் நிலைத்திருக்கிறது. பள்ளி மதிப்பெண் குறைந்தால் கல்லூரி மதிப்பெண்ணால் ஈடுசெய்யலாம் என்று அவர்கள் கருதுவதில் வியப்பில்லை. ஆனால், அந்த முறை இன்று இல்லை.

இன்றைய முறை யாது?

நீட் என்னும் பொதுத் தேர்வு 2013ஆம் ஆண்டில் முதன்முறையாக நடந்தது. அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2016ஆம் ஆண்டில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, தேர்வு மீண்டும் நிலைபெற்றது. வினாக்கள் 180, மதிப்பெண் 720. இவற்றுள் இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180, உயிரியலுக்கு 360 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். வினாக்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை அடியொற்றியவை. தரவரிசை இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே அமைகிறது. பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்புப் பெற்றவரும், பள்ளியை அப்பொழுதே முடித்து வந்தவரும் அந்த வரிசையில் ஒரே தன்மையராகவே நிற்கின்றனர்.

பட்டதாரி இத்தேர்வை எழுதக் கூடாதா எனின், எழுதலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் பதினேழு வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பதே விதி. மேல் வயது வரம்பு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிர்த்தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று தேறியிருந்தால் போதும். பள்ளியில் உயிரியல் எடுக்காதவர்க்கும் ஒரு வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பின்னரும் உயிரியலைத் தனிப்பாடமாக எழுதித் தேறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே, உயிரியலின்மையைச் சரிசெய்ய மூன்று ஆண்டுப் பட்டம் ஒன்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இன்னொரு சொல்லையும் விளக்கிவிடுவது நலம். “நீட் தேர்வில் தேறிவிட்டான்” என்று பெற்றோர் மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்கிறோம். 2025ஆம் ஆண்டில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் தேர்வு எழுதினர். அவர்களுள் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘தகுதி பெற்றோர்’ ஆயினர். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ, அரசு, தனியார் இரண்டையும் சேர்த்து, 1 இலட்சத்து 20 ஆயிரம் அளவே. எனவே தகுதி என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதியே தவிர, இடம் அன்று. தகுதி பெற்றும் அரசு இடம் கிடைக்காதவர், தனியார் கல்லூரிக்கு ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் கட்ட இயலாதவர், அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் வேளையிலேதான் பட்டத்தைப் பற்றிய எண்ணம் எழுகிறது.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டுவது

மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக இடத்தை முடிவு செய்வது, மாணவன் எந்த மாநிலத்தவன் என்பதே. மாநில அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்கு 15 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டைச் சேர்ந்தவை; 85 இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு. தாராவிப் பிள்ளைகள் நாள்தோறும் கண்ணால் காணும் சயன் மருத்துவமனையோடு இணைந்தது, 1964ஆம் ஆண்டில் தோன்றிய லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி. வீட்டிற்கு அண்மையில் உள்ளது என்பதனால் அங்கே இடம் கிடைத்துவிடாது. மகாராஷ்டிர ஒதுக்கீட்டில் இடம் கோருபவர், பொதுவாகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் மகாராஷ்டிரத்திலேயே பயின்று தேறியிருத்தல் வேண்டும். டொமிசைல் எனப்படும் இருப்பிடச் சான்றிதழும் வேண்டும். விலக்குகள் சில உண்டு. அவற்றை அவ்வாண்டின் விதிநூலில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இங்கேதான் நம்மவர் பலர் அறியாமல் இடறுகின்றனர். பத்தாம் வகுப்பு வரை மும்பையில் படித்த பிள்ளையை, “நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவத்துக்குத் தயார் செய்வார்கள்” என்று ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். அப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை வேறு மாநிலத்தில் முடித்ததனால், மகாராஷ்டிர ஒதுக்கீட்டின் வாயில் அடைபட்டுவிடலாம். பின்னர் மும்பைக்குத் திரும்பி, மாட்டுங்காவிலோ சயனிலோ பி.எஸ்ஸி. மூன்று ஆண்டு படித்தாலும் அந்தக் குறை நீங்காது. ஏனெனில், விதி கேட்பது பள்ளிப் படிப்பு நடந்த இடத்தை. பட்டம் பெற்ற இடத்தை அன்று.

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டைக் கோரும் வழியும் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படியாதவராயினும், தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர், பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரைப் பற்றிய ஆவணங்களும் காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால், இரண்டு மாநிலங்களிலும் சொந்த மாநிலத்தவர் என்று உரிமை கோருதல் ஆகாது. இச்சான்றிதழ்களைப் பெறுவதற்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். தேர்வு முடிவு வந்தபின் தொடங்கினால் காலம் போதாது. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்பொழுதே தொடங்குதல் அறிவுடைமை.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு செய்தி. 1990ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு ஒன்று பம்பாயைச் சார்ந்தது. ஆந்திரத்தில் பழங்குடியினர் என்று சான்று பெற்ற ஒருவர், பொதுத்துறை உர நிறுவனப் பணியின் பொருட்டுக் குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்தார். அவருடைய மகன் சிறு வயது முதல் இங்கேயே வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பழங்குடியினர்க்குரிய இடத்தைக் கோரினார், அது மறுக்கப்பட்டது. பரேலிலுள்ள சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியின் முதல்வரும் அவ்வழக்கில் எதிர்வாதி. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், தம் பிறந்த மாநிலத்தில் பெற்ற அட்டவணை நிலையைப் புதிய மாநிலத்தின் சலுகைக்காக எடுத்துச் செல்ல இயலாது என்று நீதிமன்றம் முடிவு கூறியது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளையும் இத்தீர்ப்பு நேரே தொடுகிறது. ஆயினும் அகில இந்திய ஒதுக்கீட்டில் மத்திய அரசின் இடஒதுக்கீட்டு முறை செல்லும். பிறந்த மாநிலத்தைச் சார்ந்த உரிய சான்றிதழ் அங்கே பயன்படும். பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 27 இடங்களும் இந்த ஒதுக்கீட்டில் 2021ஆம் ஆண்டு முதல் உண்டு. முறையான சான்றிதழ் ஒன்று கையில் இருப்பது, வேண்டாத பட்டம் இரண்டு கையில் இருப்பதைக் காட்டிலும் இங்கே பயன் தருவது.

பட்டத்தின் உண்மையான பயன்

நிற்க. அங்ஙனமாயின் பி.எஸ்ஸி.யில் சேர்வதே வீண் என்பது என் கருத்தன்று. நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொண்டு சேர்தல் வேண்டும் என்பதே கருத்து.

தேர்வில் ஒருமுறை இடம் கிடைக்காத மாணவர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓராண்டு வீட்டிலிருந்து அத்தேர்வுக்கே படிப்பது. இதனை இக்கால மாணவர் ‘டிராப்’ என்பர். மற்றொன்று, கல்லூரியில் சேர்ந்துகொண்டே தேர்வுக்கும் படிப்பது. முதல் வழியில் நேரம் மிகுதி. ஆனால் தோல்வியுற்றால் ஆண்டின் முடிவில் கையில் ஒன்றும் இராது. இரண்டாம் வழியில் கையில் ஒன்று இருக்கும். ஆனால் நேரம் குறைவு. கல்லூரியில் நூற்றுக்கு 75 வருகை வேண்டும். ஆய்வுக்கூட வகுப்புகள் பிற்பகலை விழுங்கும். உள்ளூர் ரயிலில் நின்று வந்த பின்னர் இரவில் எவ்வளவு நேரம் படிக்க இயலும் என்பதைக் குடும்பமே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. மருத்துவம் விரும்புவோர் பெரும்பாலும் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகிய பட்டங்களையே தேர்ந்தெடுக்கின்றனர். அவற்றில் உயிரியல் வளர்கிறது; இயற்பியலோ பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்துத் தேர்வு எழுத அமரும்பொழுது, 180 மதிப்பெண்ணுக்குரிய இயற்பியல் மறந்துபோயிருக்கும். கல்லூரியில் கற்ற உயர்நிலை உயிரியலோ வினாத்தாளில் கேட்கப்படுவதில்லை. பட்டம் உதவும் என்று எண்ணியவர்க்கு, அதுவே தேர்வினின்றும் விலகிச் செல்லும் வழியாய் முடிவதும் உண்டு. கல்லூரியில் சேர்ந்தவர் வாரந்தோறும் இயற்பியலுக்கென ஒதுக்கும் சில மணி நேரமே அவரைத் தேர்வுக்கு உரியவராய் வைத்திருக்கும்.

வயதுக் கணக்கையும் பார்ப்போம். பதினெட்டில் பள்ளியை முடித்தவர் இருபத்தொன்றில் பட்டம் பெறுகிறார். அவ்வாண்டே இடம் கிடைத்தாலும், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிய இருபத்தாறு, இருபத்தேழு ஆகும். மேற்படிப்பு மூன்று ஆண்டு. அதற்குள் முப்பது. இதற்கு மேல் இரண்டாவது பட்டம் என்று மூன்று ஆண்டைச் சேர்த்தால் முப்பத்து மூன்று. வசதியுள்ள வீட்டுக்கு இது பொறுக்கக்கூடிய காலம். தந்தை ஓய்வு பெறும் நாளும் தங்கையின் படிப்புச் செலவும் எதிரே நிற்கும் வீட்டுக்கு இது பெருஞ்சுமை. ஆகவேதான் பட்டத்தை அதன் சொந்தப் பயனுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

அச்சொந்தப் பயன் சிறிதன்று. மாட்டுங்காவில் 1937ஆம் ஆண்டு முதல் உள்ள ரூயா கல்லூரி, 1932ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் சயன் கல்லூரி, செம்பூரில் விவேகானந்தர் கல்விச் சங்கத்தின் கல்லூரி ஆகியவை வீட்டிலிருந்தே சென்று வரும் தொலைவில் உள்ளன. அங்கே பெறும் பட்டத்திலிருந்து உடல்நலத் துறைக்கே வேறு வாயில்கள் பல திறக்கின்றன. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிருவாகம் ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புகள் உண்டு. மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்றவற்றில் மூன்றாண்டு எம்.எஸ்ஸி. உண்டு. ஆய்வுக்கூடம், மருந்து ஆராய்ச்சி, புள்ளியியல் எனப் பிற துறைகளும் உள. நோயாளியின் துயர் தீர்க்கும் பணியில் மருத்துவர் ஒருவர் மட்டும் நிற்பதில்லை என்பதைச் சயன் மருத்துவமனை வாயிலில் ஒரு நாள் நின்று பார்த்தவர் அறிவர்.

கல்லூரியில் சேர்ந்தபின் நடுவில் மருத்துவ இடம் கிடைத்தால் என்ன செய்வது என்ற அச்சமும் வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வழி வந்த முறையில், முடித்த ஆண்டுகளின் கல்வி அலகுகள் கணக்கில் வைக்கப்படுகின்றன. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்தல் கூடாது என்றும், விலகுபவர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் முறை இன்னது என்றும் பல்கலைக் கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. ஆயினும், சேரும் நாளிலேயே இவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நன்று.

முடிவாக

பட்டப் படிப்பில் பணம் கட்டுமுன், குடும்பத்தார் ஓரிடத்தில் அமர்ந்து நான்கு வினாக்களுக்குத் தாளில் விடை எழுதிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். சென்ற முறை குறைந்த மதிப்பெண் எந்தப் பாடத்தில் குறைந்தது? நம் பிள்ளை எந்த மாநிலத்து ஒதுக்கீட்டுக்கு உரியவர், அதற்கான சான்றிதழ்கள் கையில் உள்ளனவா? இன்னும் எத்தனை முறை எழுதுவது என்று எல்லை வகுத்திருக்கிறோமா? மருத்துவ இடம் கிடைக்கவே இல்லையெனினும், சேரப்போகும் இந்தப் பட்டத்தைப் பிள்ளை விரும்பிப் படிப்பாரா?

நான்காவது வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை வருமாயின், தயங்காமல் சேர்க்கலாம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அப்பிள்ளைக்கு இழப்பில்லை. ‘இல்லை’ என்று வருமாயின், அந்த மூன்று ஆண்டு மருத்துவத்துக்கும் உதவாது, வாழ்வுக்கும் உதவாது. அவ்விடையைப் பிள்ளையே வாய் திறந்து சொல்லும்படி விடுங்கள். பெரியவர்கள் அதுவரை பொறுமையாய்க் கேட்டிருந்தால், அதுவே அவர்கள் அப்பிள்ளைக்குச் செய்யும் பேருதவி.